அம்மாவுக்கு 67, கையில் கிரீன் கார்டு: மெடிகேர் கிடைக்குமா?

கேள்வி, 11 அக்டோபர் 2025

அம்மாவுக்கு 67 வயது, அப்பாவுக்கு 63. இரண்டு பேரும் 2023 மார்ச்சில் கிரீன் கார்டோடு நியூ ஜெர்சி வந்தார்கள். 65 தாண்டிவிட்டால் அமெரிக்காவில் எல்லாருக்கும் மெடிகேர் (அரசின் முதியோர் மருத்துவ இன்சூரன்ஸ்) இலவசம் என்கிறான் தம்பி. இங்கே வேலை பார்க்காதவர்களுக்குப் பணம் கட்டினாலும் கிடையாது என்கிறார் கோயிலில் பார்த்த ஒருவர். அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. எது சரி?

11 அக்டோபர், இரவு

இரண்டு பேர் சொன்னதும் தப்பு.

வயது மட்டும் போதாது. கிரீன் கார்டில் இருப்பவர், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து வருஷம் தொடர்ந்து இங்கே வசித்திருக்க வேண்டும். அம்மாவுக்கு அது 2028 மார்ச்சில்தான் முடியும். அதுவரை மெடிகேர் கிடையாது, பணம் கட்டினாலும் கிடையாது. அதன் பிறகு உண்டு, ஆனால் இலவசமாக அல்ல.

ஆஸ்பத்திரியில் படுத்தால் ஆகும் செலவுக்கு பார்ட் ஏ, டாக்டர், ஸ்கேன், டெஸ்டுக்கு பார்ட் பி. இங்கே வேலை செய்து சம்பளத்தில் வரி பிடித்து 40 கிரெடிட் சேர்த்தவருக்கு, அதாவது சுமார் பத்து வருஷம் வேலை பார்த்தவருக்கு, பார்ட் ஏ பிரீமியம் இல்லை. கிரெடிட்டே இல்லாதவர் மாதம் 518 டாலர் கட்டி வாங்கலாம். பார்ட் பி-க்கு எல்லாருமே கட்ட வேண்டும், இந்த வருஷம் 185. ஆக இரண்டும் சேர்த்து ஒருவருக்கு மாதம் 703.

அப்பா ஊரில் எத்தனை வருஷம் வேலை பார்த்திருந்தாலும் இங்கே கணக்கில் வராது. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியத் திட்ட) ஒப்பந்தம் இல்லை.

இன்னொன்று. பெயர் பதிய 65-வது பிறந்த மாதத்தை ஒட்டி ஏழு மாத அவகாசம் தருவார்கள்: முன்னால் மூன்று மாதம், அந்த மாதம், பின்னால் மூன்று மாதம். அம்மாவுக்கு அது தாண்டிவிட்டது, அதனால் பின்னால் அபராதமும் சேரும் என்று நினைக்கிறேன்.

12 அக்டோபர், காலை

நேற்று கடைசியில் எழுதியது தவறு. ராத்திரி படுத்த பிறகு அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது, எழுந்ததும் சரிபார்த்தேன். தகுதியே இல்லாதவருக்கு அவகாசம் எப்படித் தாண்டும்? ஐந்து வருஷம் முடிந்து முதன்முதலில் தகுதி பெறும் மாதத்தை ஒட்டித்தான் அம்மாவுடைய ஏழு மாதத்தைக் கணக்கிடுவார்கள். 65-லிருந்து அபராதம் ஓடாது. காலண்டரில் 2028 மார்ச்சைக் குறித்து வையுங்கள்.

14 அக்டோபர்

"அதுவரை என்ன செய்வது?"

மாநிலத்தின் மார்க்கெட்பிளேஸில், அதாவது தனியார் மருத்துவ இன்சூரன்ஸ் விற்கும் அரசுச் சந்தையில், பிளான் வாங்கலாம். 65 தாண்டியவர்களுக்கு அங்கே இடமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். இலவச பார்ட் ஏ கிடைப்பவர்களுக்குத்தான் இடமில்லை, அம்மாவுக்கு உண்டு. சர்க்கரை இருக்கிறது என்று மறுக்க முடியாது, அதற்காகப் பிரீமியத்தைக் கூட்டவும் முடியாது. மானியம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. நீங்கள் வரிக் கணக்கில் அம்மாவை உங்களைச் சார்ந்தவராகக் காட்டினால் உங்கள் சம்பளமும் அந்த வருமானத்தில் சேரும். சேர்த்தால் என்ன, சேர்க்காவிட்டால் என்ன என்று இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள்.

விசிட்டர் இன்சூரன்ஸை வருஷா வருஷம் நீட்டித்துக்கொண்டு போகாதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குத் தர மாட்டோம் என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். அம்மாவுக்கு வரக்கூடிய முக்கால்வாசிச் செலவும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

19 அக்டோபர்

வேறொருவர் கேட்டிருக்கிறார்: "எனக்கு 64. டிசம்பரில் வேலை முடிகிறது. கோப்ரா (வேலை போன பிறகும் கம்பெனி இன்சூரன்ஸை நம் பணத்தில் தொடரும் வசதி) 18 மாதம் தருகிறார்கள், அது முடிந்த பிறகு மெடிகேருக்குப் போனால் போதாதா?"

போதாது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நான் 1956-ல் பிறந்தவன். 2021-ல் 65 ஆனபோது பார்ட் ஏ மட்டும் எடுத்தேன். வேலையில் இருந்தேன், கம்பெனி இன்சூரன்ஸ் இருந்தது, பெரிய கம்பெனி. அதுவரை சரிதான். 2022 ஜூன் 30-ல் வேலை போனது. கோப்ரா எடுத்தால் இதே இன்சூரன்ஸ் தொடரும், அவசரமில்லை என்றார் ஹெச்.ஆரில் இருந்தவர். நானும் நம்பினேன்.

வேலை முடிந்தால் பார்ட் பி எடுக்க எட்டு மாதம் கொடுக்கிறார்கள். அந்த எட்டு மாதம் வேலை நின்ற நாளிலிருந்து ஓடுகிறது. கோப்ரா எப்போது முடிகிறது என்று சட்டம் பார்ப்பதில்லை, ஏனென்றால் அது வேலையில் இருப்பவருக்கான இன்சூரன்ஸ் அல்ல. எனக்கு 2023 பிப்ரவரியில் அது முடிந்தது. எனக்குத் தெரியவே தெரியாது.

2023 ஆகஸ்டில் மனைவிக்கு 65. அவளுக்காக சோஷியல் செக்யூரிட்டி ஆபீசுக்குப் போனோம். அவள் இங்கே ஒரு நாளும் சம்பளத்துக்கு வேலை பார்த்ததில்லை, என் 40 கிரெடிட்டில் அவளுக்கும் பார்ட் ஏ இலவசம். கவுண்ட்டரில் இருந்த பெண் அவள் பாரத்தை முடித்துவிட்டுத் திரையைப் பார்த்தபடியே, "உங்கள் பார்ட் பி எங்கே?" என்று என்னிடம் கேட்டார். கோப்ரா அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை. ஜனவரியில்தான் இனி பதியலாம் என்றார்.

அக்டோபரில் எனக்குக் கிட்னியில் கல். எடுத்துவிட்டு வந்தேன், கோப்ரா பிளான் பணம் கட்டியது, நிம்மதியானேன். ஐந்து வாரம் கழித்து ஒரு கடிதம். நீங்கள் மெடிகேருக்குத் தகுதியானவர், மெடிகேர் முதலில் கொடுத்திருக்க வேண்டிய பங்கை நாங்கள் தர வேண்டியதில்லை, அதைத் திருப்பி வாங்குகிறோம் என்று இருந்தது. ஏழாயிரத்து முந்நூறு டாலர். மனைவி அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து, அரிசி டப்பாவின் அடியில் வைத்தாள். தீபாவளிக்குப் பையன் வரும்வரை அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றாள்.

2024 ஜனவரியில் பதிந்தேன், பிப்ரவரி 1 முதல் பார்ட் பி வந்தது. விடுபட்ட ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் கூடுதல். எனக்கு ஒரு முழு வருஷம் கணக்கானது, அதனால் 10 சதவீதம். ஒரு தடவை கட்டிவிட்டு முடித்துவிடுகிற அபராதம் இல்லை இது, பார்ட் பி இருக்கிற வரைக்கும் மாதாமாதம் உண்டு. பிரீமியம் ஏற ஏற அதுவும் ஏறும்.

கேட்டவருக்கு: உங்களுக்கு 65 எந்த மாதம்? அந்த மாதத்துக்கு மூன்று மாதம் முன்பே பதியுங்கள். கோப்ராவை மனைவிக்கு மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் முடியும்.

20 அக்டோபர்

நேற்று "பெரிய கம்பெனி" என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. இருபது பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் கம்பெனி என்றால், நீங்கள் வேலையில் இருக்கும்போதே மெடிகேர்தான் முதலில் கட்ட வேண்டியது. அங்கே 65-ல் பார்ட் பி எடுக்காமல் இருந்தால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். மோட்டல், பெட்ரோல் பங்க், சின்ன ஐ.டி. கன்சல்டிங் கம்பெனி எல்லாம் இதில் வரும்.

2 நவம்பர்

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். அப்பா ஒரு மளிகைக் கடையில் போன வருஷத்திலிருந்து பகுதி நேரம் வேலை பார்க்கிறாராம், வாரம் நான்கு நாள். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் என் பதிலே வேறு மாதிரி இருந்திருக்கும்.

அப்பா 40 கிரெடிட் சேர்த்துவிட்டால் அவருக்கு மட்டுமல்ல, அம்மாவுக்கும் பார்ட் ஏ இலவசம். இந்த வருஷக் கணக்கில் 1,810 டாலர் சம்பாத்தியத்துக்கு ஒரு கிரெடிட், வருஷத்துக்கு நான்குக்கு மேல் கிடையாது. அதாவது வருஷம் 7,240 டாலர் போதும், முழு நேரம் உழைக்க வேண்டியதில்லை. அதே நேரத்தில் எவ்வளவு சம்பாதித்தாலும் பத்து வருஷத்துக்கு முன்னால் 40 சேராது. 2024-ல் ஆரம்பித்தவருக்கு 2033-ல் முடியும், அப்பாவுக்கு 71 ஆகியிருக்கும். 30 கிரெடிட் சேர்ந்தாலே பார்ட் ஏ பிரீமியம் 518-லிருந்து 285 ஆகக் குறையும்.

ஒன்று மட்டும் கேளுங்கள். சம்பளம் எப்படி வருகிறது? கவரில் ரொக்கமாக, வரி பிடிக்காமல் கொடுத்தால் ஒரு கிரெடிட்கூடச் சேராது. சம்பளச் சீட்டு வேண்டும், வருஷக் கடைசியில் டபிள்யூ-2 (முதலாளி தரும் வருஷச் சம்பளக் கணக்கு) வேண்டும், அதில் மெடிகேர் வரி பிடித்த கட்டத்தில் எண் இருக்க வேண்டும். ரொக்கமாக வாங்கிக்கொண்டு எட்டு வருஷம் கல்லாவில் நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். மூட்டு தேய்ந்து நின்ற நாளில் அவர் பெயரில் பூஜ்யம். கடைக்காரரிடம் கேட்க அப்பா கூச்சப்பட்டால் நீங்கள் போய்க் கேளுங்கள்.

16 நவம்பர்

நேற்று முன்தினம் 2026-க்கான எண்கள் வந்துவிட்டன. மேலே நான் எழுதியதைத் திருத்திக்கொள்ளுங்கள். பார்ட் பி 202.90. முழுப் பிரீமியம் கட்டி வாங்கும் பார்ட் ஏ 565, முப்பது கிரெடிட் உள்ளவருக்கு 311. ஆக இரண்டுக்கும் சேர்த்து ஒருவருக்கு 767.90. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் முதலில் நம் கையிலிருந்து போகும் தொகை 1,676-லிருந்து 1,736 ஆகிவிட்டது. அதை வருஷத்துக்கு ஒரு முறை என்று நினைக்காதீர்கள். வீட்டுக்கு வந்து 60 நாள் கழித்துத் திரும்பச் சேர்ந்தால் திரும்பக் கட்ட வேண்டும்.

மாத்திரைக்கு பார்ட் டி தனி. அதில் ஒரு நல்ல செய்தி: அடுத்த வருஷம் பிளான் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு நம் கையிலிருந்து 2,100 டாலருக்கு மேல் போகாது. இன்சுலின் மாதம் 35-க்கு மேல் இல்லை. அம்மாவுக்கு இது முக்கியம்.

23 நவம்பர்

மெடிகேப்பா, அட்வான்டேஜா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். டிசம்பர் 7 வரை பிளான் மாற்றலாம் என்பதால் போனிலும் டி.வி.யிலும் விளம்பரம் ஓயவில்லை போலிருக்கிறது.

வெறும் மெடிகேரில் டாக்டர் செலவில் 20 சதவீதம் நம் தலையில், அதற்கு உச்சவரம்பே கிடையாது. அந்த ஓட்டையை அடைக்க மெடிகேப் வாங்குகிறோம். பிரீமியம் அதிகம், ஆனால் மெடிகேரை ஏற்கும் எந்த டாக்டரிடமும் போகலாம். அட்வான்டேஜ் என்றால் தனியார் கம்பெனி மொத்தத்தையும் எடுத்து நடத்துகிறது. பிரீமியம் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை, பல்லும் கண்ணாடியும் கொஞ்சம் சேர்த்துத் தருவார்கள். அடுத்த வருஷம் நெட்வொர்க்குக்குள் நம் செலவுக்கு வருஷ உச்சவரம்பு அதிகபட்சம் 9,250. பதிலுக்கு, அவர்கள் பட்டியலில் உள்ள டாக்டர், அவர்கள் முன்அனுமதி.

நான் மெடிகேப் பக்கம். காரணம், பார்ட் பி தொடங்கிய மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் வாங்கினால் உடம்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்க முடியாது. அது தாண்டினால் நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெய்ன் நான்கு மாநிலம் தவிர மற்ற இடங்களில் கேட்கலாம், மறுக்கலாம். 65-ல் அட்வான்டேஜில் சேர்ந்து 74-ல் நோய் வந்தபின் மெடிகேப்புக்கு வர நினைத்தால் கதவு சாத்தியிருக்கும்.

ஆனால் போன வருஷம் நவம்பரில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் பேசியதாகிவிடும். மனைவி கராஜ் படியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பில் மயிரிழை விரிசல், ஆபரேஷன் தேவையில்லை, ஆனால் காலை ஊன்ற முடியவில்லை. நான்கு ராத்திரி ஆஸ்பத்திரியில். கட்டில், கையில் பெயர்ப்பட்டை, மூன்று வேளை சாப்பாடு, ராத்திரி இரண்டு மணிக்கு ரத்த அழுத்தம். இரண்டாம் நாள் ஒருவர் ஒரு காகிதத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கையெழுத்துக் கேட்டார். வலி மாத்திரை மயக்கத்தில் அவள் போட்டுவிட்டாள். நான் காபி வாங்கப் போயிருந்தேன்.

அந்தக் காகிதத்தில் இருந்தது இதுதான்: நீங்கள் இன்பேஷன்ட் அல்ல, அப்சர்வேஷனில் இருக்கிறீர்கள். அதாவது முறைப்படி உள்நோயாளியாகச் சேர்க்கவில்லை, கவனித்துப் பார்க்க மட்டும் வைத்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக் கணக்கில் பெரிய வித்தியாசம் வரவில்லை, பார்ட் பி-யும் மெடிகேப்பும் பார்த்துக்கொண்டன. நடக்கப் பழக்கும் ரீஹாப் மையத்துக்குப் போகும்போதுதான் அடி விழுந்தது. தொடர்ந்து மூன்று நாள் இன்பேஷன்டாக இருந்திருந்தால்தான் மெடிகேர் அதற்குக் கட்டும். அப்சர்வேஷன் நாள் ஒன்றுகூடச் சேராது. மெடிகேர் கட்டாததை மெடிகேப்பும் கட்டாது. ஒரு நாளைக்கு நானூறு டாலருக்கு மேல் சொன்னார்கள். வீட்டுக்குக் கூட்டி வந்து, சோபாவை ஹாலின் ஓரத்துக்குத் தள்ளி, வாடகைக் கட்டில் போட்டு, ஆறு வாரம் நானும் மருமகளும் பார்த்துக்கொண்டோம்.

பல அட்வான்டேஜ் பிளான்களில் இந்த மூன்று நாள் நிபந்தனை கிடையாது. அன்றைக்கு எங்களுக்கு அது நல்லதாக இருந்திருக்கும். இன்றைக்கும் நான் மெடிகேப்தான் சொல்வேன், ஆனால் முன்பு சொன்ன அளவு உறுதியாக இல்லை.

24 நவம்பர்

யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் முதல் நாளே டாக்டரிடம் "இன்பேஷன்டா, அப்சர்வேஷனா?" என்று கேளுங்கள். நர்ஸிடம் கேட்டால் சில சமயம் அவருக்கே தெரியாது. இரண்டு நள்ளிரவு தாண்டி ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் எதிர்பார்த்தால் பொதுவாக இன்பேஷன்டாகப் போடலாம். டிஸ்சார்ஜ் ஆன பிறகு கேட்டுப் பிரயோஜனமில்லை.

9 டிசம்பர்

இது முதல் கேள்வியோடு நேரடியாகச் சேராது, ஆனாலும் எழுதுகிறேன். எச்-ஒன்-பி வேலை விசாவில் 22 வருஷமாக இருக்கும் ஒருவர் எழுதியிருந்தார். கிரீன் கார்டு வரிசை இன்னும் நகரவில்லை, கிரெடிட் 40-ஐ எப்போதோ தாண்டிவிட்டது, அடுத்த வருஷம் 65.

போன ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டத்துக்கு முன்னால் அவருக்கு மெடிகேர் கிடைத்திருக்கும். இப்போது குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், க்யூபா-ஹைத்தி வழியில் வந்த சிலர், சில பசிபிக் தீவு நாட்டவர், இவர்களுக்கு மட்டும்தான் என்று நிறுத்திவிட்டார்கள். இந்தப் பட்டியலில் இல்லாமல் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருப்பவர்களுக்கும் 2027 ஜனவரி முதல் வாரத்தோடு நிற்கிறது. இருபத்திரண்டு வருஷம் ஒவ்வொரு சம்பளத்திலும் அந்த வரியைப் பிடித்தார்கள். என்னால் இதை ஏற்கவே முடியவில்லை. அவருக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: வேலை இருக்கும்வரை கம்பெனி இன்சூரன்ஸை விடாதீர்கள், மனைவிக்கு இன்சூரன்ஸோடு வேலை இருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள்.

18 ஜனவரி 2026, திருச்சி

பொங்கலுக்கு வந்திருக்கிறோம். இங்கே மெடிகேர் செல்லாது. அட்டையை நியூ ஜெர்சியிலேயே வைத்துவிட்டு வரலாம்.

மெடிகேப் கொஞ்சம் செல்லும், அது பலருக்குத் தெரியாது. 'ஜி' (G), 'என்' (N) போன்ற சில பிளான்களில் வெளிநாட்டு அவசரச் சிகிச்சை உண்டு. பயணம் தொடங்கி முதல் 60 நாளுக்குள் வந்த அவசரம், 250 டாலர் நம்முடையது, மீதியில் 80 சதவீதம் அவர்கள், ஆயுளுக்கும் 50,000 வரை. போன ஜனவரியில் இதே ஊரில் எனக்கு டெங்கு, ஐந்து நாள் படுக்கை, 86,000 ரூபாய். அன்றைய கணக்கில் சுமார் ஆயிரம் டாலர். பில்லைத் தனித்தனி வரியாகப் போட்டுத் தரச் சொல்லி, டிஸ்சார்ஜ் சம்மரியும் ரசீதும் சேர்த்து அனுப்பினேன். 600 டாலர் வந்தது. மொத்தமாக ஒரே தொகை போட்ட பில்லை அனுப்பியிருந்தால் திரும்பி வந்திருக்கும்.

நான்கு மாதம், ஐந்து மாதம் தங்குகிறவர்கள் 60 நாளுக்குப் பிறகு வேறு இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ள வேண்டும்.

8 பிப்ரவரி

"பார்ட் பி-க்கு எனக்கு மட்டும் ஏன் 284.10 கேட்கிறார்கள்?"

2024-ல் ஊரில் மனை விற்றீர்களா என்று கேட்டேன். ஆமாம், கோயம்புத்தூரில் என்றார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய வருமானத்தைப் பார்த்துதான் இந்த வருஷப் பிரீமியம் போடுகிறார்கள். தனி ஆளுக்கு 109,000, தம்பதிக்கு 218,000 தாண்டினால் கூடுதல் பிரீமியத்தின் முதல் படி. மனை விற்ற லாபமும் அமெரிக்க வரிக் கணக்கில் வருமானம்தான். வேலையிலிருந்து ஓய்வு, துணையின் மரணம், விவாகரத்து போன்ற காரணத்தால் வருமானம் குறைந்தால் எஸ்.எஸ்.ஏ-44 பாரம் போட்டுக் குறைக்கச் சொல்லலாம். மனை விற்றது அந்தப் பட்டியலில் இல்லை. இந்த ஒரு வருஷம் கட்டித்தான் ஆக வேண்டும், அடுத்த வருஷம் தானாக இறங்கிவிடும்.

1 மார்ச்

முதல் கேள்வி கேட்டவரிடமிருந்து கடிதம். அப்பாவுக்கு ஜனவரி முதல் சம்பளச் சீட்டு வருகிறதாம். 2024, 2025 இரண்டும் ரொக்கம்தான், போய்விட்டது. அதனால் 2033 என்று நான் போட்ட கணக்கு 2035 ஆகிறது. அதற்குள் 2028-லிருந்து அம்மாவுக்குப் பிரீமியம் கட்டி வாங்குவதா, மார்க்கெட்பிளேஸிலேயே இருப்பதா என்று கேட்கிறார். பார்ட் ஏ-க்குப் பணம் கட்ட வேண்டியவர், எந்தப் பார்ட்டும் எடுக்காத வரை மானியத்தோடு அங்கேயே தொடரலாம். ஆனால் பார்ட் பி அபராதம் அங்கிருந்து ஓட ஆரம்பிக்கும், 2035-ல் மெடிகேருக்கு வரும்போது ஏழு வருஷத்துக்கு 70 சதவீதம். பார்ட் பி மட்டும் எடுத்தால் மெடிகேப்பும் கிடையாது, அட்வான்டேஜும் கிடையாது. 2027 டிசம்பரில் அப்போதைய எண்களை வைத்து இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்போம், நானும் கூட உட்காருகிறேன். உங்கள் மாநிலத்தின் ஷிப் (மெடிகேர் பற்றி வழிகாட்டும் அரசுத் திட்டம்) ஆலோசகர்களும் இலவசமாகச் சொல்வார்கள், அவர்கள் எந்தப் பிளானையும் விற்பதில்லை.

அம்மா இந்த ஐப்பசியில் ஊருக்குப் போய் ஏழு மாதம் இருக்க ஆசைப்படுகிறார் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறார். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் "தொடர்ந்து வசித்தாரா" என்ற கேள்வி வரும், ஐந்து வருஷத்தை முதலிலிருந்து எண்ண வேண்டிய நிலைகூட வரலாம். தைப்பூசம் பார்த்துவிட்டுப் பங்குனி பிறப்பதற்குள் திரும்பச் சொல்லுங்கள், ஐந்து மாதத்துக்குள் வந்துவிடும். போர்டிங் பாஸையும் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த பக்கங்களின் நகலையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

1 மார்ச், மாலை

அம்மாவே போனில் கேட்கச் சொன்னாராம், காது மெஷின் கிடைக்குமா என்று. மெடிகேரில் கிடையாது. அப்படியானால் ஊருக்குப் போகும்போதே வாங்கிக்கொண்டு வரட்டும், டெஸ்ட் செய்த தாளோடு.